செந்தூல் ஃபிளாட்டில் ஒரு 35 லிட்டர் ஓவன்: எட்டு மாதத்துக்குப் பிறகு

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ பக்கம் உள்ள ஒரு மின்சாமான் கடையில் இந்த ஓவனை 259 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மேசைமேல் வைக்கிற வகை, 35 லிட்டர், 1500 வாட். மேலே இரண்டு சூடேறும் கம்பி, கீழே இரண்டு. வெப்பத்துக்கு ஒரு குமிழ், மேல் கம்பியா கீழ் கம்பியா இரண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஒன்று, நேரத்துக்கு ஒன்று. காற்றாடி கிடையாது. பிராண்ட் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய இதே பெட்டி கடைகளில் நாலைந்து பெயரில் நிற்கிறது, குமிழின் நிறமும் கதவில் ஒட்டிய எழுத்தும்தான் வேறு. அதனால் இந்த விலையில், இந்த அளவில் எதை எடுத்தாலும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்கும்போது எனக்கு ரசம், சம்பால், முட்டைப் பொரியல் தெரியும், அவ்வளவுதான். மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை, வாரத்தில் மூன்று நாள் இரவுச் சமையல் என் கையில். மகளுக்கு ஏழு வயது. பிறந்தநாள் கேக்கை இந்த முறை வீட்டிலேயே செய்யலாமா என்று அவள் கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓவன் நல்ல ஓவன்தான், வாங்கலாம். ஆனால் அதே நாளில் ஓவனுக்குள் தொங்கவிடுகிற ஒரு தெர்மாமீட்டரும் கிராம் காட்டும் ஒரு டிஜிட்டல் தராசும் சேர்த்து வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து எனக்கு 43 வெள்ளி ஆனது, பேக்கரி சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். கையில் 259 வெள்ளிதான் இருக்கிறது என்றால் இதைவிட ஐம்பது வெள்ளி குறைந்த ஓவனை எடுத்து மீதிக் காசில் அந்த இரண்டையும் வாங்குங்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஆறு வாரம் இவை இல்லாமல்தான் இருந்தேன்.

அந்த ஆறு வாரத்தில் நாலு கேக் செய்தேன். நாலும் ஒரே மாதிரி வந்தன. மேலே கருகி நடுவில் வெடித்து மலை மாதிரி எழும்பும், வெட்டினால் உள்ளே ஈரமாவு. வீடியோவில் சொன்னபடி 180 டிகிரி, 45 நிமிடம், ஒரு நிமிடம்கூட மாற்றவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "கேக்குக்கெல்லாம் கைராசி வேணும் தம்பி, பழகப் பழக வரும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எதைப் பழகுவது என்று தெரியாமல் எப்படிப் பழகுவது? நாலாவது கேக்கைக் குப்பையில் போடும்போது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் கேக்கை விட்டுவிட்டு ஓவனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தெர்மாமீட்டரை வாங்கி நடுத்தட்டில் தொங்கவிட்டு, குமிழை 180இல் வைத்து, காலி ஓவனை ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதி வைத்தேன். பத்தாவது நிமிடத்தில் 215. அப்புறம் சிவப்பு விளக்கு அணைந்து மெதுவாக இறங்கி 175, மறுபடி விளக்கு எரிந்து 210, மறுபடி இறக்கம். ஒரு மணி நேரமும் இப்படியே. சராசரியாகப் பார்த்தால் நான் கேட்டது 180, ஓவன் கொடுத்தது 195க்குப் பக்கம். குமிழை 160இல் வைத்தால்தான் 170ஐ ஒட்டி நிற்கிறது. என் நாலு கேக்கும் ஏன் அப்படி ஆனது என்று அந்த ஒரு தாளில் இருந்தது.

இது என் ஓவனில் மட்டும் இருக்கிற கோளாறு இல்லை. இந்த மாதிரி ஓவன்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது சூட்டில் வளைகிற ஓர் உலோகப் பட்டை. அது சுவரோரம் இருக்கும், வளைந்தால் மின்சாரம் நிற்கும், ஆறி நிமிர்ந்தால் மறுபடி வரும். ஏறி இறங்குவது அதன் இயல்பு. பெரிய ஓவனிலும் இது உண்டு, ஆனால் அங்கே தடித்த சுவர்கள் சூட்டைப் பிடித்து வைப்பதால் ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது. நம் மேசை ஓவனின் சுவர் மெல்லிய தகரம். கம்பிக்கும் கேக்குக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை. அதனால் காற்றின் சூடு ஒரு பக்கம் இருக்க, சிவந்த கம்பியிலிருந்து நேராக வரும் அனலும் மேல்பக்கத்தைத் தாக்குகிறது. மேல்பகுதி சீக்கிரம் இறுகிவிடுகிறது, உள்ளே இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும் மாவு வேறு வழியில்லாமல் நடுவைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். குமிழ் 160. முன்சூடு 15 நிமிடம், விளக்கு முதல் தடவை அணைந்ததும் உள்ளே வைப்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவரும் தட்டும் ஆகியிருக்காது, கதவைத் திறந்ததும் மொத்தச் சூடும் போய்விடும். கம்பித்தட்டு கீழ்ப் படியில். கறுப்புத் தகர அச்சை விட்டுவிட்டு வெளிர் நிற அலுமினிய அச்சு, கறுப்பு அதிக அனலை இழுத்து அடியைக் கருக்குகிறது. முப்பதாவது நிமிடத்தில் மேல்பகுதி பொன்னிறம் ஆகியிருந்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்துவேன். தாள் கம்பியில் பட்டுவிடக் கூடாது, கீழ்க் கம்பிகளின் மேல் தாள் விரிக்கவே கூடாது. ஐந்தாவது கேக் சமமாக எழும்பி, குச்சி குத்தினால் சுத்தமாக வந்தது. மகளின் பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் அது, இருந்தாலும் மறுபடியும் மெழுகுவத்தி ஏற்றினோம்.

அச்சின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 35 லிட்டர் என்றால் 8 அங்குல அச்சு தாராளமாகப் போகும், 9 அங்குலமும் நுழையும். ஆனால் 7 அங்குல வட்ட அச்சுதான் இதில் நன்றாக வேகிறது, சுற்றிக் காற்று நடமாட இடம் கிடைக்கிறது. 8 அங்குல அச்சின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம், 7 அங்குலத்துக்கு 38. ஆக, நாலு முட்டைக்கான அளவு என்றால் மூன்று முட்டைக்குக் குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். நான் இப்போது செய்வது 170 கிராம் வெண்ணெய், 150 சீனி, 3 முட்டை, 170 மாவு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால். 50 நிமிடம்.

இனி தராசு. நம் வீடுகளில் பால் டின்தான் அளவு. தெலுக் இந்தானில் இருக்கும் அம்மா இன்றைக்கும் நெய் பிஸ்கட்டுக்கு "மாவு மூணு டின், சீனி ஒரு டின்" என்றுதான் சொல்வார். அம்மாவுக்கு அது சரியாக வருகிறது, நாற்பது வருடமாக ஒரே டின், ஒரே கை. எனக்கு வரவில்லை. அதே மாதிரி டின்னில் நான் மாவைத் தளர்வாகப் போட்டு நிறுத்தால் 200 கிராம், இரண்டு தட்டுத் தட்டி நிரப்பினால் 240. மூன்று டின்னுக்கு 120 கிராம் வித்தியாசம், பிஸ்கட் உதிர்வதற்கும் கல்லாவதற்கும் அது போதும். அடுத்த முறை அம்மா வந்தபோது அவர் அளந்து போடப் போட ஒவ்வொரு டின்னையும் வாங்கி நிறுத்துக் குறித்துக்கொண்டேன். அம்மாவின் டின் 225 கிராம், மூன்று முறையும் ஐந்து கிராம்கூடத் தள்ளவில்லை. அந்தக் கையை எழுத்தில் பிடித்து வைத்தது இந்தத் தராசு. எனக்கு இந்த எட்டு மாதத்தில் கிடைத்ததிலேயே பெரிய சொத்து அந்தத் தாள்தான்.

கிராமில் எழுதப்படாத குறிப்புகளைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்கக் குறிப்பில் கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியக் குறிப்பில் 250. முட்டையும் அப்படித்தான். அமெரிக்கர்கள் 'பெரிய முட்டை' என்று எழுதினால் ஓட்டோடு சுமார் 57 கிராம். இங்கே நாம் வாங்கும் கிரேடு ஏ முட்டை 65 கிராமுக்கு மேல், அந்தக் குறிப்புக்குப் பொருந்துவது கிரேடு சி. நாலு முட்டை போடும் இடத்தில் இது கிட்டத்தட்ட அரை முட்டைக்கு மேல் கூடுதல் ஈரம்.

இன்னொரு குழப்பம் மொழியில் இருக்கிறது, தமிழில் வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கோதுமை மாவு என்றால் ஆட்டா, சப்பாத்தி மாவு. வெள்ளை மாவை அவர்கள் மைதா என்பார்கள். இங்கே மலேசியாவில் நாம் கோதுமை மாவு என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது தெப்புங் கண்டும், அதாவது அவர்களுடைய மைதா. 'கோதுமை மாவு கேக்' என்று ஒரு சென்னை வீடியோவைப் பார்த்து நான் வெள்ளை மாவில் செய்தேன். தவிடு கலந்த ஆட்டா நிறையத் தண்ணீரை இழுக்கும், அதற்காக அவர்கள் ஊற்றிய பால் அளவு வெள்ளை மாவுக்கு மிக அதிகம். களி மாதிரி வந்தது. அப்புறம் கேக்குக்குப் புரதம் குறைந்த சூப்பர்ஃபைன் மாவு, ரொட்டிக்குப் புரதம் கூடிய பிரெட் மாவு என்று தனித்தனியே இருப்பதும், செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருப்பதும் மெல்ல மெல்லத் தெரிந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாலே போதும், நான் படிக்காமல் இருந்தேன்.

வெண்ணெய் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மனதில் வைக்க வேண்டும். 'அறை வெப்பத்தில் வைத்த வெண்ணெய்' என்று குளிர்நாட்டுக்காரர் எழுதினால் அது 20 டிகிரி. செந்தூலில் பத்தாவது மாடியில் மதியம் என் சமையலறை 31 டிகிரி, அங்கே ஒரு மணி நேரம் வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகத் தொடங்கிவிடும். வெண்ணெயையும் சீனியையும் அடிப்பதே காற்றை உள்ளே பிடித்து வைக்கத்தான், உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. துண்டுகளாக வெட்டிப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. நான் இப்போது காலை ஏழு மணிக்கே கேக் வேலையை முடித்துவிடுகிறேன், அல்லது இரவு.

சரி, ஓவனின் குறைகளுக்கு வருகிறேன்.

நேரக் குமிழை நம்ப முடியாது. பத்து நிமிடத்துக்குக் கீழே நேராகத் திருப்பினால் அது ஏழிலேயே மணி அடிக்கும், சில சமயம் அடிக்காமலே நின்றுவிடும். இருபதைத் தாண்டித் திருப்பி, பிறகு வேண்டிய எண்ணுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். நான் ஓவனை அறுபதில் வைத்துவிட்டுக் கைபேசியில் நேரம் பார்க்கிறேன். பின்பக்க இடது மூலை மற்ற இடங்களைவிடச் சூடு, பிஸ்கட் தட்டைப் பாதி நேரத்தில் திருப்பி வைக்காவிட்டால் அந்த மூலையில் நாலு பிஸ்கட் கறுத்துவிடும். தட்டை வெளியே எடுக்கும் கைப்பிடிக்கு ஒரு திருகாணி இல்லாமலே பெட்டி வந்தது, கடைக்கு மூன்று தடவை போன பிறகுதான் கொடுத்தார்கள், மூன்றாவது தடவையும் கேட்ட பிறகுதான். உத்தரவாதம் ஒரு வருடம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும் கண்ணாடிக்கும் குமிழுக்கும் கிடையாது என்று உள்ளே சின்ன எழுத்தில் இருந்தது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வெளிப்பக்கம் கடுமையாகச் சுடும். இது குழந்தை இருக்கும் வீட்டுக்கு முக்கியமான விஷயம். கதவுக் கண்ணாடி ஒற்றை அடுக்குதான். ஓவன் ஓடும்போது மகள் நிற்கலாம் என்று தரையில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன், அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் வரமாட்டாள். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வைக்க வேண்டும், மேலே அலமாரி இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. முதல் முறை ஜன்னலைத் திறந்து வைத்து வெறும் ஓவனைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள், கம்பியில் பூசிய எண்ணெய் எரிந்து புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம், ஒருமுறைதான்.

மின்சாரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1500 வாட் ஓவன் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட், ஆனால் அணைந்து அணைந்து எரிவதால் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். பயப்படும்படியான பில் எனக்கு வரவில்லை. சுவரில் உள்ள மூன்று முள் பிளக்கில் நேராகச் செருகுங்கள், ரைஸ் குக்கரோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். பெட்டியில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஆன்லைனில் நூறு வெள்ளி மலிவாக வரும் சிலவற்றில் அது இருப்பதில்லை.

கேக் தவிர இது என்ன செய்கிறது என்றால், எனக்கு இப்போது கேக்கைவிட அதிகமாகப் பயன்படுவது இரவுச் சாப்பாட்டுக்குத்தான். கோழித் தொடையில் மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, தயிர், உப்பு போட்டுக் காலையில் ஃபிரிட்ஜில் ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், வந்து 200 டிகிரியில் நாற்பது நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். எலும்போரம் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. வெண்டைக்காயை நீளவாக்கில் பிளந்து எண்ணெய் தடவி மேல் கம்பியின் சூட்டில் பதினைந்து நிமிடம் வைத்தால் கொழகொழப்பே இல்லை. பூசணி, உருளை, காலிஃபிளவர் எல்லாம் நன்றாக வருகின்றன. அடுப்பருகே நின்று கிளற வேண்டியதில்லை, அந்த நேரத்தில் மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம். புதிதாகச் சமைக்க வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ரொட்டியும் செய்கிறேன். நம் ஊரின் வெயில் இங்கே நமக்குச் சாதகம், குறிப்பில் ஒன்றரை மணி நேரம் பொங்க வை என்று இருந்தால் இங்கே நாற்பது, ஐம்பது நிமிடத்தில் மாவு இரண்டு மடங்காகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். ஆனால் நீராவி இந்தக் கதவில் நிற்காது, ஓரமெல்லாம் கசியும், அதனால் மொறுமொறு மேலோடு கேட்கும் ரொட்டி இதில் வராது. மென்மையான பால் ரொட்டி அருமையாக வரும்.

தீபாவளிக்கு முன் வாரம் அம்மா தெலுக் இந்தானிலிருந்து பஸ்ஸில் வந்தார். இரண்டு நாள் நெய் பிஸ்கட் சுட்டோம். அவர் வீட்டு ஓவன் பழையது, சூடு எத்தனை என்று எதிலும் எழுதியிருக்காது, கையை உள்ளே நீட்டி எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார். இங்கேயும் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஆறட்டும்டா தம்பி, இது ஜாஸ்தி." தெர்மாமீட்டரைப் பார்த்தேன், 178. நெய் பிஸ்கட் 160க்குள் வெந்து வெள்ளையாகவே இருக்க வேண்டும். "எவ்வளவும்மா இருக்கணும்?" என்று கேட்டேன். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, மறுபடி கையை நீட்டி, "ம், இப்ப வை" என்றார். 158.

பக்கத்து வீட்டு அக்கா கைராசி என்றாரே, அன்றைக்கு அதை நேரில் பார்த்தேன். அம்மாவின் உள்ளங்கை நாற்பது வருடத்தில் கற்றதை எனக்கு இந்தப் பதினெட்டு வெள்ளி தெர்மாமீட்டர் சொல்லித்தருகிறது.

ஒரு தட்டில் இருபத்து நாலு பிஸ்கட்தான் கொள்ளும், இரண்டு தட்டை மேலும் கீழுமாக வைத்தால் ஒன்று வேகும் இன்னொன்று கருகும், காற்றாடி இல்லாத ஓவனில் அந்த முயற்சியே வேண்டாம். ஐந்து கிலோ மாவுக்குப் பிஸ்கட் சுட இரண்டு முழு நாள் போனது. ஆகவே பலகாரம் விற்பவர்கள், ஆர்டர் எடுக்க நினைப்பவர்கள், பெரிய குடும்பத்துக்குச் சுடுபவர்கள் இதை வாங்க வேண்டாம், காற்றாடி உள்ள 60 லிட்டருக்குக் குறையாத ஒன்றாகப் பாருங்கள். வீட்டில் மூன்று நாலு பேர், இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இது போதும். இன்னொருவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தால்தான் வரும் என்பவர்கள் சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள், கேக், பேஸ்ட்ரி வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் அங்கே நடக்கின்றன. போகும்போது மறக்காமல் உங்கள் ஓவனைச் சோதித்து எழுதிய தாளையும் கொண்டுபோங்கள், அங்கே உள்ள ஓவனில் 170 என்றால் உங்கள் குமிழில் அது எத்தனை என்று அந்தத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.